இதயத்துக்கு நட்பு, மூச்சுக்குப் பகையா? அடினோசின் பற்றிய ஓர் ஆய்வு

நடைப்பட்டையில் ஓட முடியாத ஒருவருக்கு இதயத் தசையின் இரத்த ஓட்டத்தைச் சோதிக்க வேண்டுமானால், சிரை வழியாக அடினோசினை ஏற்றி ஸ்கேன் எடுப்பது இதய நோய்ப் பிரிவுகளில் நெடுநாள் வழக்கம். ஊசி போடுவதற்கு முன் இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். ஆஸ்துமா உண்டா, வீசிங் வருமா என்பது ஒன்று. கடைசியாகக் காப்பி, டீ குடித்தது எப்போது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ஆம் என்றால் அந்த மருந்தே வேண்டாம் என்று பெரும்பாலும் ஒதுக்கிவிடுவார்கள். சற்று முன்தான் காப்பி குடித்தார் என்றால் சோதனையை இன்னொரு நாளுக்குத் தள்ளிவைப்பார்கள். இதற்குப் பாடநூல்கள் தரும் விளக்கம் எளிமையானது: அடினோசின் இதய இரத்தக் குழாய்களை விரிக்கும், மூச்சுக்குழாய்களைச் சுருக்கும், காப்பியில் உள்ள கஃபீன் அதைத் தடுக்கும். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இதை அப்படியே ஏற்றுக்கொண்டால், அடினோசினை இதயத்தில் கூட்டிவிடலாம், நுரையீரலில் குறைத்துவிடலாம், இரண்டு நோய்க்கும் மருந்து கிடைத்துவிடும் என்று தோன்றும். மருந்து ஆராய்ச்சி அந்த நம்பிக்கையில் பல பத்தாண்டுகள் நடந்து, பெரும்பாலும் தோற்றது. தோல்விக்குக் காரணம் அந்த எளிய விளக்கத்திலேயே இருக்கிறது என்பது என் வாதம். நலமாக இருக்கும் இதயத்திலும் நலமாக இருக்கும் மூச்சுக்குழாயிலும் உடல் தானே சுரக்கும் அடினோசினுக்குப் பெரிய வேலை இல்லை. நோய் வந்த பிறகுதான் அதன் கை ஓங்குகிறது. இந்த ஒரு விஷயத்தில் இரண்டு உறுப்புகளும் ஒத்துப்போகின்றன.

அடினோசின் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் இது விளங்கும். உயிரணுவின் ஆற்றல் நாணயம் என்று பள்ளியில் படித்த அடினோசின் டிரைபாஸ்பேட், தன் மூன்று பாஸ்பேட்டுகளையும் ஒவ்வொன்றாக இழந்த பிறகு எஞ்சுவதுதான் அடினோசின். இதயத் தசை உயிரணுவுக்குள் டிரைபாஸ்பேட் மில்லிமோலார் அளவில் இருக்கிறது. அடினோசின் நானோமோலார் அளவில்தான் இருக்கிறது. அதாவது பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே டிரைபாஸ்பேட் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு குறைந்தாலே, அது பார்வைக்குத் தெரியாத இழப்பாக இருந்தாலும், அடினோசின் பல மடங்கு ஏறிவிடும். ஆற்றல் வரவை விடச் செலவு கூடும்போது அதை முதலில் அறிவிக்க இதை விட நுட்பமான ஏற்பாடு இருக்க முடியாது. உயிரணுவுக்கு வெளியிலும் இதே கதைதான்: அடிபட்ட அல்லது அழற்சியுற்ற உயிரணுக்களிலிருந்து கசியும் டிரைபாஸ்பேட்டை, சவ்வின் வெளிப்புறத்தில் உள்ள நொதிகள் வெட்டி அடினோசினாக்குகின்றன. 1984-இல் ஆண்ட்ரூ நியூபி அடினோசினுக்கு ‘பதிலடி தரும் வளர்சிதைப் பொருள்’ என்று பெயர் வைத்தார். தன்னைத் தாக்கும் நெருக்கடிக்கு எதிராகத் திசுவே விடுக்கும் பதிலடி என்று பொருள். கூடவே இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: இரத்தத்தில் இதன் அரை ஆயுள் 10 வினாடிக்கும் குறைவு. சிவப்பணுக்களும் குழாய்ச் சுவர் உயிரணுக்களும் அதை உடனே உறிஞ்சிக்கொள்கின்றன. எங்கே உண்டாகிறதோ அங்கேயே பேசி அங்கேயே மறையும் செய்தி இது.

கேம்பிரிட்ஜில் ட்ரூரியும் ஆல்பர்ட் சென்ட்-ஜியோர்ஜியும் 1929-இல் இதயத் தசையிலிருந்து எடுத்த சாற்றை விலங்குகளுக்குச் செலுத்தியபோது இதயத் துடிப்பு மந்தமானது, இரத்த அழுத்தம் இறங்கியது, இதயத்தின் சொந்த இரத்தக் குழாய்கள் விரிந்தன. சாற்றில் இருந்த பொருள் அடினோசின் வகையைச் சேர்ந்தது என்று காட்டினார்கள். ஆனால் அது உடலில் என்ன வேலைக்கு இருக்கிறது என்ற கேள்விக்குத் தெளிவான பதில் 1963-இல்தான் முன்வைக்கப்பட்டது. அமெரிக்காவில் ராபர்ட் பெர்ன், ஜெர்மனியில் கெர்லாக் ஆகியோரின் குழுக்கள் தனித்தனியாக ஒரே கருத்துக்கு வந்தன: ஆக்சிஜன் பற்றாத இதயத் தசை அடினோசினை வெளியிடுகிறது, அது பக்கத்துச் சிறுகுழாய்களை விரிக்கிறது, இரத்தம் கூடுகிறது, பற்றாக்குறை தீர்ந்ததும் அடினோசினும் குறைகிறது. இந்தக் கருதுகோளின் அழகு அதன் தேவையில் இருக்கிறது. ஓய்வில் இருக்கும் கை கால் தசை தன்னிடம் வரும் ஆக்சிஜனில் ஏறத்தாழ கால் பங்கைத்தான் எடுக்கிறது. வேலை கூடினால் மிச்சத்தையும் எடுத்துக்கொள்ளலாம். இதயமோ ஓய்விலேயே 70 முதல் 80 விழுக்காடு வரை எடுத்துவிடுகிறது. அதற்கு மிச்சம் என்று ஒன்று இல்லை. கூடுதல் ஆக்சிஜன் வேண்டுமானால் கூடுதல் இரத்தம் வந்தே தீர வேண்டும், அதுவும் அந்தந்த நொடியில். அடினோசின் அந்த இடத்தில் கச்சிதமாகப் பொருந்தியது. இருபது ஆண்டுகளுக்கு மேல் பாடநூல்களில் இதுவே விளக்கமாக இருந்தது.

கச்சிதமாகப் பொருந்துவது மெய்யாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 1980-களில் இக்கருத்தைச் சோதிக்கும் கருவிகள் கையில் கிடைத்தன. அடினோசினைச் சிதைக்கும் டிஅமினேஸ் நொதியை இதயத்தின் சொந்தக் குழாய்களான கரோனரிகளின் இரத்தத்தில் கலக்கலாம். அல்லது அடினோசின் போய் ஒட்டும் ஏற்பிகளை மருந்தால் அடைக்கலாம். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பேச்சும் கூட்டாளிகளும் 1988-இல் நாய்களை ஓடவிட்டு இவை இரண்டையும் செய்து பார்த்தார்கள். பெர்ன் சொன்னது சரியானால் ஓடும்போது இரத்த ஓட்டம் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. ஓய்விலும் குறையவில்லை, ஓட்டத்திலும் குறையவில்லை. அடினோசின் கருதுகோள் செத்துவிட்டது என்று சிலர் எழுதத் தொடங்கினார்கள். இந்த மறுப்பை நான் முழுமையாக ஏற்கிறேன். நலமான இதயம் தன் அன்றாட இரத்த ஓட்டத்தை ஒழுங்கு செய்ய அடினோசினை நம்பியிருக்கவில்லை. நரம்பு, நைட்ரிக் ஆக்சைடு, பொட்டாசியம் வாயில்கள் என்று பல கைகள் அந்த வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன. ஊசி மூலம் அடினோசினை ஏற்றினால் நலமான இதயத்தின் இரத்த ஓட்டமும் நான்கைந்து மடங்கு கூடுகிறதே என்று கேட்கலாம். கூடுகிறதுதான். ஏற்பி அங்கே இருக்கிறது, கதவைத் தட்டினால் திறக்கும் என்பதை மட்டுமே அது காட்டுகிறது. இயல்பான நாட்களில் யாராவது தட்டுகிறார்களா என்பது வேறு கேள்வி. மருந்தின் திறனை உடலியல் பங்காக எடுத்துக்கொண்ட குழப்பம்தான் இந்தத் துறையை நெடுநாள் அலைக்கழித்தது.

ஆனால் மினசோட்டா குழு அங்கே நிற்கவில்லை. அதே குழு 1993-இல் கரோனரிக் குழாயைச் செயற்கையாக நெருக்கிவிட்டு, அந்த நாய்களை ஓடவிட்டு, ஏற்பிகளை அடைத்தது. இப்போது முடிவு தலைகீழ். ஏற்கெனவே பட்டினியில் இருந்த தசைக்கு வந்துகொண்டிருந்த இரத்தம் மேலும் குறைந்தது. 1995-இல் டங்கரும் பேச்சும் இன்னொரு வழியில் இதையே காட்டினார்கள்: நெருக்கல் எதுவும் இல்லாத இதயத்தில் பொட்டாசியம் வாயில்களை மருந்தால் மூடியபோது, அதுவரை சும்மா இருந்த அடினோசின் பொறுப்பை எடுத்துக்கொண்டது; அதையும் அடைத்தபோதுதான் ஓட்டத்தில் இரத்தம் கூடுவது தடைபட்டது. என்னைப் பொறுத்தவரை இந்த மூன்று சோதனைகளையும் சேர்த்துப் படிப்பதே நியாயம். முதலாவதை மட்டும் படித்தால் அடினோசின் தேவையற்றது. இரண்டாவதை மட்டும் படித்தால் அதுவே எல்லாம். சேர்த்துப் படித்தால், மற்றவை கைவிட்ட இடத்தில் வேலைக்கு வருவது அடினோசின் என்று தெரிகிறது.

இதைப் புரிந்துகொள்ளாமல் மருந்து செய்ததன் விலையை டைபிரிடமோல் காட்டியது. 1960-களில் நெஞ்சுவலிக்கு என்று புழங்கிய மருந்து இது. சிவப்பணுக்களும் குழாய்ச் சுவரும் அடினோசினை உறிஞ்சும் வாயிலை அடைத்து, அடினோசினை இரத்தத்தில் நீடிக்க வைக்கிறது. கரோனரி இரத்த ஓட்டம் மொத்தத்தில் கூடியது; ஆனால் நோயாளியின் நெஞ்சுவலி எதிர்பார்த்தபடி குறையவில்லை, சிலருக்குக் கூடவும் செய்தது. காரணம் எளிது. அடைப்புக்குக் கீழே உள்ள சிறுகுழாய்கள் தங்கள் சொந்த அடினோசினாலும் மற்ற வழிகளாலும் ஏற்கெனவே முழுக்க விரிந்திருக்கின்றன. மேலும் விரிய இடமில்லை. மருந்து போய் விரிப்பதெல்லாம் நலமான பகுதியின் குழாய்களைத்தான். தலைமடைக்காரர்கள் எல்லா மதகையும் திறந்துவிட்டால் கடைமடை வயல் காய்வது போல, நோயுற்ற தசைக்கு வந்த இரத்தமும் அந்தப் பக்கம் போய்விடுகிறது. மருத்துவத்தில் இதைக் கரோனரித் திருட்டு என்கிறார்கள். மருந்தாகத் தோற்ற இந்தக் குணமே சோதனையாக வென்றது என்பதுதான் வேடிக்கையான உண்மை. நலமான பகுதிக்கும் நோயுற்ற பகுதிக்கும் உள்ள வேறுபாட்டைப் பெரிதாக்கிக் காட்டுவதால், முதலில் டைபிரிடமோலும் பிறகு அடினோசினும் ஸ்கேன் அறைக்குள் நுழைந்தன. நிமிடத்துக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 140 மைக்ரோகிராம் வீதம் அடினோசினைச் சில நிமிடங்கள் ஏற்றினால் குழாய்கள் முழுக்க விரிகின்றன. நிறுத்தினால் ஓரிரு நிமிடத்தில் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது.

ஸ்டென்ட் வைக்கலாமா வேண்டாமா என்ற முடிவிலும் இதே தத்துவம் வேலை செய்கிறது. நிகோ பெயில்ஸ், பெர்னார்ட் டி ப்ரைன் ஆகியோர் வளர்த்தெடுத்த முறையில், அழுத்தம் அளக்கும் மெல்லிய கம்பியை அடைப்புக்கு அப்பால் செலுத்தி, அடினோசினால் குழாய்களை விரியவைத்து, அடைப்புக்கு அப்பாலுள்ள அழுத்தத்தை மகாதமனி அழுத்தத்தால் வகுக்கிறார்கள். விடை 0.80 அல்லது அதற்குக் கீழ் என்றால் அந்த அடைப்பு இரத்தத்தை மெய்யாகவே தடுக்கிறது என்று பொருள். 2009-இல் வெளிவந்த ஃபேம் ஆய்வில் 1,005 நோயாளிகள் இருந்தார்கள். ஆஞ்சியோகிராம் படத்தை மட்டும் பார்த்து ஸ்டென்ட் வைத்தவர்களில் ஓராண்டுக்குள் இறப்பு, மாரடைப்பு அல்லது மறு சிகிச்சை நேர்ந்தது 18.3 விழுக்காட்டினருக்கு, இந்த அளவை வைத்து முடிவெடுத்தவர்களில் 13.2. பின்னர் அடினோசின் இல்லாமலே அளக்கும் முறைகளும் 2017-இன் இரண்டு பெரிய ஆய்வுகளில் இதற்கு இணையாக நின்றன. அதனால் இதன் மதிப்பு குறைந்துவிடவில்லை. எந்த அடைப்பு துன்பம் தருகிறது, எது வெறும் தோற்றம் என்று மருத்துவர்கள் பிரித்தறியக் கற்றது இந்த வழியில்தான். அவசரப் பிரிவில் இன்னொரு பயன் உண்டு. நிமிடத்துக்கு 180, 200 என்று ஓடும் ஒருவகை மேலறைத் துடிப்பை நிறுத்த 6 மில்லிகிராம் அடினோசினை வேகமாகச் சிரையில் தள்ளி, பின்னாலேயே உப்புநீரைத் தள்ளுவார்கள். ஏ1 என்னும் ஏற்பி வழியாக இதயத்தின் நடுமுடிச்சு சில வினாடிகள் செயலிழக்கும். திரையில் கோடு நேராகப் போகும். நோயாளி நெஞ்சு இறுகி உயிரே போவதுபோல் உணர்வார். பிறகு சீரான துடிப்பு திரும்பும். இங்கும் அடினோசின் சில வினாடிக்குத்தான் வந்துபோகிறது.

மூச்சுக்குழாய்க்கு வருவோம். 1983-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் குஷ்லி, டாட்டர்ஸ்ஃபீல்ட், ஸ்டீபன் ஹோல்கேட் மூவரும் நலமானவர்களையும் ஆஸ்துமாக்காரர்களையும் அடினோசினை மூச்சில் இழுக்கச் செய்தார்கள். நலமானவர்களின் மூச்சுக்குழாயில் எந்த மாற்றமும் இல்லை. ஆஸ்துமாக்காரர்களுக்குச் சில நிமிடங்களில் குழாய் சுருங்கியது, ஒவ்வாமையால் வந்த ஆஸ்துமாவானாலும் அல்லாததானாலும். ஏறத்தாழ அதே வடிவமுள்ள குவானோசின் யாரையும் ஒன்றும் செய்யவில்லை. இதற்கு ஓர் எதிர்வாதம் உடனே எழும்: ஆஸ்துமாக்காரர்களின் மூச்சுக்குழாய் எதற்கும் சுருங்கும்; குளிர்காற்று, புகை, ஊதுவத்தி எல்லாம் போதும்; இதில் அடினோசினுக்குத் தனிச் சிறப்பு என்ன? கேள்வி சரியானது. ஆனால் ஹிஸ்டமினையோ மெத்தகோலினையோ அளவைக் கூட்டிக்கொண்டே போனால் நலமான மூச்சுக்குழாயும் ஒரு கட்டத்தில் சுருங்கத் தொடங்கும், ஏனென்றால் அவை நேராகத் தசையைத் தாக்குகின்றன. அடினோசின் அப்படித் தாக்குவதில்லை. டெர்ஃபினடின் போன்ற ஹிஸ்டமின் தடுப்பு மருந்தை முன்கூட்டியே கொடுத்தால் அதன் விளைவு பெருமளவு அடங்குகிறது. ஹிஸ்டமினைத் தேக்கிவைத்திருக்கும் மாஸ்ட் செல்லை அமைதிப்படுத்தும் குரோமோகிளைகேட் கொடுத்தாலும் அடங்குகிறது. ஆக, அடினோசின் முதலில் மாஸ்ட் செல்லைத் தூண்டுகிறது; மாஸ்ட் செல் கொட்டும் ஹிஸ்டமினும் லியூக்கோட்ரையீனும்தான் தசையைச் சுருக்குகின்றன. நோயால் தயார்நிலைக்கு வந்த மாஸ்ட் செல்கள் இல்லாத இடத்தில் அடினோசினின் பேச்சு எடுபடாது.

இதற்கு வலுவான சான்று சிகிச்சையிலிருந்து வருகிறது. எளிதில் கரையும் அடினோசின் மோனோபாஸ்பேட்டை இழுக்கவைத்து மூச்சுக்குழாயின் கூச்சத்தை அளக்கும் சோதனை ஒன்று உண்டு. இன்ஹேலர் வழியே ஸ்டிராய்டு எடுக்கத் தொடங்கிய ஆஸ்துமாக்காரரிடம் மெத்தகோலின் கூச்சம் மெதுவாகக் குறைய, மோனோபாஸ்பேட் கூச்சம் விரைவாகவும் அதிகமாகவும் குறைகிறது. சளியில் காணும் ஈயோசினோபில் வெள்ளணு அழற்சியோடும் இதுவே நெருங்கி ஒத்துப்போகிறது. அழற்சி அடங்கினால் அடினோசினின் வலிமையும் அடங்குகிறது. இதயத்தில் நெருக்கப்பட்ட குழாய் எந்த இடத்தில் நின்றதோ, அதே இடத்தில் இங்கே அழற்சி நிற்கிறது.

கஷ்டமான கேள்வி கஃபீனின் உறவு மருந்தான தியோஃபிலின் பற்றியது. 1860-இல் லண்டன் மருத்துவர் ஹைட் சால்டர், தானே ஆஸ்துமாவால் அவதிப்பட்டவர், கடுங்காப்பி மூச்சிரைப்புக்கு நல்ல மருந்து என்று தன் நூலில் எழுதினார். 1888-இல் ஆல்பிரெக்ட் கோசெல் தேயிலையிலிருந்து தியோஃபிலினைப் பிரித்தெடுத்தார். நம் ஊர் மருத்துவமனைகளில் இன்றும் பழக்கமான டெரிஃபிலின் மருந்தில் இருப்பதும் இதுதான். சிகிச்சைக்கு வேண்டிய அளவிலேயே தியோஃபிலின் அடினோசின் ஏற்பிகளை அடைக்கிறது என்று தெரிந்ததும், ஆஸ்துமாவில் அதன் பயனுக்கு இதுவே காரணம் என்று பலர் முடிவுகட்டினார்கள். அப்போது சுவீடனில் கார்ல் பெர்சன் என்ப்ரோஃபிலின் என்ற உறவு மருந்தை முன்வைத்தார். அது தியோஃபிலினை விட நன்றாக மூச்சுக்குழாயை விரித்தது. ஆனால் அப்போது அறியப்பட்டிருந்த அடினோசின் ஏற்பிகளை ஏறக்குறைய அடைக்கவே இல்லை. அடினோசினுக்கு இதில் பங்கில்லை என்பது அவர் முடிவு. பல ஆண்டுகள் இது அசைக்க முடியாத மறுப்பாக நின்றது. 1995-இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் ஃபியோக்டிஸ்டோவும் பியாஜியோனியும், மனித மாஸ்ட் செல் வகை ஒன்றில் அடினோசின் பேசுவது ஏ2பி என்ற ஏற்பியோடு என்றும், அந்த ஏற்பியை என்ப்ரோஃபிலின் அடைக்கிறது என்றும் காட்டினார்கள். பெர்சனின் மறுப்பு ஓரளவு தளர்ந்தது. ஓரளவுதான் என்பதை அழுத்திச் சொல்கிறேன். தியோஃபிலின் மூச்சுக்குழாய்த் தசையைத் தளர்த்துவதற்கு ஃபாஸ்ஃபோடையெஸ்டரேஸ் நொதியைத் தடுப்பதே பெருங்காரணம். அழற்சி மரபணுக்களை அடக்கும் நொதியைத் தூண்டுவதையும் பிற்காலத்தில் பீட்டர் பார்ன்ஸ் குழு காட்டியது. ஒரு மருந்து வேலை செய்கிறது என்பதை வைத்து நோயின் காரணத்தை நிறுவ முடியாது. தியோஃபிலினை அடினோசினுக்குச் சாட்சியாக அழைப்பவர்களும் எதிர்ச்சாட்சியாக அழைப்பவர்களும் இங்கே ஒரே தவறைச் செய்கிறார்கள்.

நேரடிச் சாட்சி விலங்குகளிடம் கிடைத்தது. 2000-இல் மைக்கேல் பிளாக்பர்ன் குழு, அடினோசினைச் சிதைக்கும் டிஅமினேஸ் இல்லாத எலிகளின் நுரையீரலில் அடினோசின் தேங்கியதையும், கூடவே ஈயோசினோபில்கள், கோழை, உடைந்த மாஸ்ட் செல்கள் என ஆஸ்துமாவின் அடையாளங்கள் தோன்றியதையும் விவரித்தது. வெளியிலிருந்து நொதியைக் கொடுத்ததும் அவை தணிந்தன. இதோ காரணம் கிடைத்துவிட்டது என்று தோன்றும். ஆனால் அதே எலிகளில் ஏற்பிகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தபோது கதை சிக்கலானது: ஏ1 ஏற்பி இல்லாத எலிகளின் நோய் தணியாமல் முற்றியது. ஏ2ஏ ஏற்பி பெரும்பாலும் அழற்சியை அடக்குவது. எலியின் மாஸ்ட் செல்லில் ஏ3 முன்னிற்க, மனிதரில் ஏ2பி முன்னிற்கிறது. ஒரே அடினோசின் ஒரே நுரையீரலில் தீயை மூட்டவும் செய்கிறது, அணைக்கவும் செய்கிறது. இந்தப் பின்னணியில் பார்த்தால் மருந்துச் சோதனைகள் தோற்றதில் வியப்பில்லை. 1997-இல் நேச்சர் இதழில், ஏ1 ஏற்பி உருவாவதையே தடுக்கும் மரபுத்துண்டு மருந்தை முயல்களுக்கு மூச்சில் கொடுத்து ஆஸ்துமாவைத் தடுத்ததாக நைஸும் மெட்ஸ்கரும் எழுதியபோது எழுந்த நம்பிக்கை பெரியது. ஆனால் ஸ்டிராய்டு எடுக்கும் நோயாளிகளிடம் அந்த மருந்து பயன் தரவில்லை. அழற்சியை அடக்கும் என்று ஏ2ஏ ஏற்பியைத் தூண்டும் மருந்தை இழுக்கவைத்த சோதனையும் ஒவ்வாமை எதிர்வினையைத் தடுக்கவில்லை.

அப்படியானால் அடினோசின் ஆஸ்துமாவில் வெறும் பார்வையாளர்தானே என்று கேட்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ஸ்டிராய்டு எடுப்பவரிடம் அடினோசினைத் தடுத்துப் பயனில்லை என்பது, அழற்சி அடங்கியவரிடம் அடினோசின் ஏற்கெனவே வலுவிழந்துவிட்டது என்பதோடு முழுக்க ஒத்துப்போகிறது. ஓடும் நலமான நாயிடம் ஏற்பியை அடைத்து ஒன்றும் நடக்காததைப் பார்த்த அதே காட்சிதான் இது. தவறான நோயாளியிடம், தவறான நேரத்தில் சோதித்துவிட்டு மருந்தைக் குற்றம் சொல்வது ஆராய்ச்சிக்கு நல்லதல்ல. அடினோசினைத் தடுக்கும் மருந்துக்கு இனியும் வாய்ப்பு உண்டென்றால், அது மோனோபாஸ்பேட் சோதனையில் கடுமையாகச் சுருங்குபவர்களைப் பிரித்தெடுத்து, அவர்களிடம் மட்டும் சோதிப்பதில்தான் இருக்கிறது.

ஆஸ்துமாக்காரருக்கு இதய ஸ்கேன் வேண்டியிருக்கும்போது என்ன செய்வது என்ற நடைமுறைக் கேள்வியும் இந்த வெளிச்சத்தில் மாறுகிறது. மூச்சில் இழுத்த அடினோசின் சுருக்கும் அளவுக்குச் சிரையில் ஏற்றியது சுருக்குவதில்லை. ஆனாலும் கட்டுக்கடங்காத வீசிங் உள்ளவருக்கு அதைத் தவிர்ப்பதே சரி. 2008-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ரெகடெனோசான், இதயக் குழாய்களில் உள்ள ஏ2ஏ ஏற்பியையே முதன்மையாகத் தொடுவதால், அடங்கிய ஆஸ்துமா உள்ள பலர் பத்திரமாகச் சோதனை செய்துகொள்ள முடிகிறது. விளைவை முறிக்கும் தியோஃபிலின் வகை மருந்தான அமினோஃபிலின் ஊசி கையருகே இருக்க வேண்டும் என்பது மாறவில்லை. இதுவும் முடியாதவர்களுக்கு, இதயத்தை வேறு வழியில் தூண்டிச் சோதிக்கும் டோபுடமின் இருக்கிறது. ஆஸ்துமா உண்டு என்று சொன்ன உடனே சோதனையையே கைவிடாமல், இப்போது அழற்சி எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பதே நோயாளிக்குச் செய்யும் நீதி. எதிர்ப்பக்கத்திலும் எச்சரிக்கை வேண்டும். ஸ்டென்ட் வைத்தவர்கள் விழுங்கும் டிகாக்ரிலார் மாத்திரையும் அடினோசினைச் சிவப்பணுக்கள் உறிஞ்சுவதைத் தடுக்கிறது. 2009-இன் பிளேட்டோ ஆய்வில் அதை எடுத்தவர்களில் 13.8 விழுக்காட்டினருக்கு மூச்சுத்திணறல் வந்தது. ஒப்பீட்டு மாத்திரையான குளோபிடோகிரெல் எடுத்தவர்களில் 7.8. பெரும்பாலானோருக்கு அது லேசானது, தானே அடங்கியது; அதற்காக மாத்திரையை நிறுத்தியவர்கள் 0.9 விழுக்காடுதான். அவர்களின் மூச்சுக்குழாய் சுருங்குவதில்லை, ஊதிப் பார்க்கும் சோதனையில் அளவு குறைவதில்லை. மூச்சை உணரும் நரம்புகளை அடினோசின் தொடுவதால் வரும் உணர்வு அது என்றே தெரிகிறது. ஆகவே மாரடைப்புக்குப் பின் மூச்சு முட்டுகிறது என்று வருபவருக்கு, இதயம் பலவீனமாகிவிட்டதா, நுரையீரலில் நீர் கோத்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, ஒரு முறை ஊதவைத்தும் பார்க்க வேண்டும். அளவு சரியாக இருந்தால், ஆஸ்துமா என்று இன்ஹேலர் எழுதிக் கொடுக்கவும் வேண்டாம், ஸ்டென்டைக் காக்கும் மாத்திரையை அவசரப்பட்டு நிறுத்தவும் வேண்டாம்.